புழு அறையில் குட்டை மரங்கள்

ஓசூர்க் கடைகளில் மின்விசிறி தொங்க ஆரம்பித்தது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில்தான். அதுவரை அந்த ஊரில் விசிறி என்றால் அடுப்புக்குத்தான். பங்குனி பாதி வரைக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காலை ஷிப்டுக்குப் போவார்கள். தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இங்கே வெயில் என்று ஒன்று கிடையாது என்று முதல் மாதமே வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வருஷம் யாரும் அப்படி எழுதவில்லை. முந்தின ஐப்பசி மழை பொய்த்தது. சித்திரை பிறக்கும் முன்பே ஏரி வெடித்துக் கிடந்தது.

சூளகிரி ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது சின்னராயன் கொட்டாய். இருபது வீடு. கடைசி வீடு முனிலட்சுமியுடையது. அவள் புருஷன் திம்மராயன், பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் தோட்டக்காரன். கேஷுவல். அந்தக் கம்பெனி வருவதற்கு முன் அந்த இடத்தில் அவனுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. மிச்சம் கையில் நின்றது முக்கால் ஏக்கர். அதில் மல்பெரி போட்டு முனிலட்சுமி பட்டுப்புழு வளர்த்தாள்.

சித்திரை இரண்டாம் தேதி சாயங்காலம் கம்பெனி டெம்போ வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பதினொரு மண் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மரம். ஆல், அரசு, இச்சி, பெங்களூரிலிருந்து வாங்கி வந்த ஊசி இலை மரம் ஒன்று. எல்லாம் முழங்காலுக்குக் கீழே. பெரியது ஒரு புளி. பெரியது என்றால் ஒன்றரை அடி. அடிமரம் முறுக்கிக்கொண்டு, பட்டை வெடித்து, நூறு வருஷம் ரோட்டோரம் நின்றதுபோல இருந்தது.

"இன்னாய்யா இது?"

"மேனேஜர் மரம்."

"மரமா? எங்கூட்டு ஆட்டுக்கு ஒரு வாயிக்குக் காணாது."

"ஆட்ட மொதல்ல கட்டிப் போடுமே. அந்தப் புளிக்கு இருவத்திரண்டு வயசாவுதாம்."

"இருவத்திரண்டு வயசுல இம்மாந்தானா? சோறு போட்டாரா இல்லியா அந்தாளு?"

டெம்போ டிரைவர் சிரித்தான். திம்மராயன் சிரிக்கவில்லை. மேனேஜர் பாஸ்கரனுக்கு விருதுநகர்ப் பக்கம். அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று நாற்பது நாள் லீவில் ஊருக்குப் போகிறார். அவருடைய குவார்ட்டர்ஸ் மாடி தோசைக்கல்லாகக் காய்ந்தது. தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை. மரங்களை என்ன செய்வது என்று அவர் தோட்டக்காரர்களிடம் கேட்டார். கேஷுவல் தோட்டக்காரர்கள் மூன்று பேர். அவர் திரும்பி வந்ததும் அதில் ஒருவன் பெயரை பர்மனெண்டுக்கு எழுத வேண்டும். இது மூன்று பேருக்கும் தெரியும்.

"எதுக்குய்யா நீ வாயக் குடுத்த?"

"நான் சொல்லலன்னா ஆஞ்சப்பன் சொல்லிருப்பான். வாயத் தொறந்துட்டான். நான் முந்திகினேன். எங்கூட்டுல புங்கமரத்து நெழலு இருக்குது சார்னு சொல்லிட்டேன்."

முனிலட்சுமி டெம்போவுக்குக் கிட்டே போனாள். மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா வாசன இது?"

திம்மராயன் வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ், ஒன்னத்தான். இன்னா வாசன?"

"குருண மருந்து. வேருல பூச்சி இருக்குதுன்னு சாரு போடச் சொன்னாரு. போன வாரம் நாந்தான் போட்டேன்."

"எறக்காத."

"ஏம்மே..."

"எறக்காதன்னு சொல்றேன். ரூமுல புழு கீது."

அந்த வருஷம் கிணற்றில் இருந்த தண்ணீருக்கு ஒரு தடவை புழு வளர்க்கத்தான் இலை வரும். அந்த ஒரு தடவைதான் வருஷத்துக்கே. புழுக்கள் இரண்டாவது தோல் உரித்து எழுந்திருந்தன. இன்னும் இரண்டு தடவை தோல் உரிக்க வேண்டும். அதற்கு அங்கே ஜொரம் என்று பெயர். நாலாவது ஜொரத்திலிருந்து எழுந்து ஒரு வாரம் தின்றால் கூடு கட்டிவிடும். அதுவரை புழு அறைக்கு ஆயிரம் சட்டம். சுண்ணாம்புத் தண்ணீரில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது. வெற்றிலை பாக்கு போட்ட வாய் வரக் கூடாது. பீடிக்கை வரக் கூடாது. பூ வைத்த தலை வரக் கூடாது. அடுப்பில் தாளிக்கவே கூடாது. கடுகு வெடிக்கிற வாசனைக்கே புழு முகத்தைத் திருப்பும் என்பாள் அவள். குருணை மருந்து என்பது அதற்கு எமன்.

கடைசியில் தட்டுகளைப் புங்கமரத்தடியில் இறக்கினார்கள். வீட்டிலிருந்து நாற்பது அடி, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத திசை. அன்றைக்கே முனிலட்சுமி புதுச் சட்டம் போட்டாள். மரத்தைத் தொட்ட கை இலையைத் தொடக் கூடாது. மரம் அவன் பாடு, புழு அவள் பாடு. மரத்தைத் தொட்டவன் தலைமுழுகாமல் அறைப் பக்கம் வரக் கூடாது.

அந்தக் கோடையைப் பற்றிப் பிற்பாடு பேச்சு வரும்போது முனிலட்சுமிக்கு முதலில் ஞாபகம் வந்தது வெயில் இல்லை. தாளிக்காத அவரைக்கொட்டைச் சாறும் களியும்தான். பச்சை மிளகாயும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு இறக்கியது. எல்லா வீட்டிலும் புழு இருந்தது, எல்லா வீட்டிலும் அதே சாறு. சாயங்காலமானால் கொட்டாய் முழுக்க இலை வாசனை அடிக்கும். யாரும் யார் வீட்டு வாசலையும் தாண்டி உள்ளே போக மாட்டார்கள். வெளியில் நின்றே பேசுவார்கள். "எப்பிடிக் கீது?" என்றால் புழுவைத்தான் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

திம்மராயன் விடியலில் எழுந்து மரங்களுக்குத் தண்ணீர் விடுவான். பாஸ்கரன் சொன்னதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். தட்டில் மண் கொஞ்சம்தான். வெயில் பட்டால் தட்டு சுட்டு வேர் வெந்துவிடும். உச்சி வெயிலில் இலைமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. மேற்கு வெயில் படவே கூடாது. அவன் குழி வெட்டி மணல் கொட்டி, மணலை நனைத்து, தட்டுகளைப் பாதி புதைத்தான். நாலு பக்கமும் கம்பு நட்டுச் சாக்கு கட்டினான். சாக்கு உலர உலர நனைக்க வேண்டும். எட்டு மணிக்கு அவன் கம்பெனிக்குப் போனால் பகலில் யார் நனைப்பது? முனிலட்சுமியால் மரத்தைத் தொட முடியாது. பக்கத்து வீட்டு நாராயணம்மாவிடம் சொன்னார்கள். அவளுக்கு வீட்டில் தெலுங்கு. அவளும் புழு வைத்திருந்தாள். ஆனால் அவள் மருமகள் பார்த்துக்கொண்டாள்.

"ஏமி வதினா, உன் வீட்டுக்காரு மரம் வளக்கிறாரா, கொழந்த வளக்கிறாரா?" என்பாள் நாராயணம்மா, சாக்கில் செம்புத் தண்ணீரை வீசிக்கொண்டே.

"கொழந்தன்னா வளரும். இது வளரக் கூடாதாம். வளந்தா மேனேஜரு கோச்சிக்குவாரு."

"தேவுடா. வளராம பாத்துக்க ஒரு ஆளா?"

"அதுக்குத்தான் பர்மனெண்டு."

சாயங்காலம் அவன் வந்ததும் மறுபடி தண்ணீர், மறுபடி தலைமுழுக்கு. சித்திரை நடுவில் கிணற்றில் வாளி முழுகவில்லை. அரை மைல் தள்ளி இருந்த மோட்டார்க் கிணற்றிலிருந்து இரண்டு குடம் அவள் சுமந்து வருவாள். ஒரு குடம் புழு அறைக்குக் குளிர்ச்சியாக ஜன்னலிலும் கதவிலும் கட்டியிருந்த சாக்கை நனைக்க, மறு குடம் வீட்டுக்கு. வீட்டுக் குடத்தில் பாதியை அவன் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"ஒரு நாளைக்கி எத்தினி வாட்டி முழுவுவ? மாப்பிள்ள அழைப்பா?"

"நீதானமே சட்டம் போட்ட."

"மரத்த நெஞ்சில அணைச்சிகினு தண்ணி ஊத்தச் சொன்னனா? எட்ட நின்னு ஊத்து. கையி மட்டும் கழுவு."

இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. கோபமிருந்தாலும் இருவருக்கும் அதை நீட்டி வைத்துக்கொள்ள நேரமில்லை.

நாலாவது ஜொரம் முடிந்து புழுக்கள் எழுந்தன. விரல் நீளம், பால் நிறம். தட்டுத் தட்டாகப் பிரித்து அடுக்கினாள். அறை நிரம்பியது. ஒரு நாளைக்கு நாலு தடவை இலை. சொந்த இலை இரண்டே நாளில் தீர்ந்தது. நாராயணம்மாவின் தம்பி கெம்பண்ணன் தோட்டத்தில் மிச்சமிருந்த இலையை அறுத்துக்கொள்ளச் சொன்னான். போய்வர மூன்று மைல்.

அதே வாரம் புளியமரம் இலை உதிர்க்க ஆரம்பித்தது. முதல் நாள் பத்து இலை. மறுநாள் மணல்மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பரவிக் கிடந்தது. காற்றே தணலாக வந்தது. நனைத்த சாக்கு கால் மணி நேரத்தில் மொடமொடவென்று நின்றது. திம்மராயன் புளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வந்து அடுப்படி வாசலில் நின்றான்.

"முனி, அந்தப் புளி போயிரும்போல கீது."

"தண்ணி ஊத்து."

"தண்ணி இல்லாம இல்ல. காத்து காயுது. ரூமுல ஒரு மூலையில வெச்சா..."

அவள் களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

"பகல்ல மட்டும். சாயங்காலம் எடுத்துர்றேன். குருண போட்டு மூணு வாரம் ஆவுது. எல்லாம் தண்ணியில கரைஞ்சி போயிருக்கும்."

"கரைஞ்சி எங்க போவும்? அந்தத் தட்டுலதான கெடக்கும்."

"அந்த ஒரு மரம் போச்சின்னா எம் பேரு போச்சு. ஆஞ்சப்பன் பேரத்தான் எழுதுவாரு."

"எழுதட்டும். யோவ், ஒண்ணு சொல்றேன் கேளு. ஒங் கம்பெனி கூப்புட்டா கூப்புடும், கூப்புடாங்காட்டி போவும். இதுங்க இன்னும் அஞ்சு நாள்ல கூடு கட்டிரும். அஞ்சே நாளு. அதுக்கப்புறமேட்டு ரூமு பூரா நீயே வெச்சிக்க. மரத்துக்குப் பாயி விரிச்சி படுக்க வையி."

அவன் புங்கமரத்தடிக்குத் திரும்பிப் போனான். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள். சொன்னால் கேட்கிற ஆள் என்றுதான் நினைத்தாள். பதினாலு வருஷம் கேட்ட ஆள்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. பத்து மணிக்கு முனிலட்சுமி புழுக்களுக்கு இலை போட்டுவிட்டு அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு கெம்பண்ணன் தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

திம்மராயன் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். புளித் தட்டை வெளிப்பக்கம் தேய்த்துக் கழுவினான். மருந்து கரைந்து போகட்டும் என்று மூன்று செம்பு தண்ணீர் மெதுவாக ஊற்றினான். தானும் தலைமுழுகினான். சீயக்காய் தேய்த்துக் கையைக் கழுவினான். வாசலில் இருந்த சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு காலையும் நனைத்தான். மரத்தைக் கொண்டுபோய்க் கதவோரம் கீழே வைத்தான். உள்ளே குளிர்ந்து கிடந்தது. அந்தக் கோடையில் அவன் உடம்புக்கே அப்படி ஒரு குளிர்ச்சி கிடைத்ததில்லை. ஒரு மரத்துக்கு இடம் இருக்கிற அறையில் பதினொன்றுக்கும் இடம் இருந்தது. மற்றதையும் அதேபோலக் கழுவி, தண்ணீர் ஊற்றி, பத்துத் தடவை காலை நனைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். ஈரச்சாக்கை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

நனைந்த குருணைதான் வாசனை விடும். அது அவனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். பூச்சி மருந்து அடித்த ராகிக் காட்டில் மழை பெய்தால் எப்படி நாறும் என்று தெரிந்தவன்தான். அன்றைக்கு அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது.

இரண்டு மணிக்கு முனிலட்சுமி இலைக்கட்டைத் தலையில் சுமந்து வந்தாள். வாசலில் வெள்ளையாகக் காலடிகள். ஒருவன் கால், பல தடவை. அவள் கட்டை இறக்காமலே கதவைத் தள்ளினாள்.

புழுக்கள் தின்னவில்லை. காலையில் போட்ட இலை அப்படியே கிடந்தது. ஆயிரக்கணக்கான தலைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன. சிலது வாயிலிருந்து பச்சை நீர் கக்கிச் சுருண்டிருந்தது.

அவள் இலைக்கட்டை வாசலுக்கு வெளியே வீசினாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். மரங்களைத் தூக்கி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் வைத்தாள். புளியை அவள் கையில் எடுத்தபோது திம்மராயன் கண்ணை மூடிக்கொண்டான். போட்டு உடைப்பாள் என்று நினைத்தான். அவள் அதையும் மணலில் பார்த்து வைத்துவிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மேல் தட்டெல்லாம் நாராயணம்மா ஊட்டுக் கொட்டாயிக்குக் கொண்டு போவணும். நீ தொடாத. அவளக் கூப்புடு."

இரண்டு பெண்களும் தட்டுகளைத் தூக்கினார்கள். புது இலை போட்டார்கள். மேல் தட்டில் கொஞ்சம் தின்னவும் செய்தன. அதைப் பார்த்து நாராயணம்மா, "தின்னுது பாரு வதினா, தின்னுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் அதுவும் நின்றது. மத்தியானத்துக்குள் எல்லாம் கறுத்துத் தொளதொளத்தது. வீட்டுக்குப் பின்னால் திம்மராயன் குழி வெட்டினான். எட்டுக் கூடை. சுண்ணாம்பு தூவி மூடினான். ஊர் வந்து எட்ட நின்று பார்த்தது.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. அவனும் கம்பெனிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் குடத்தோடு வந்து புழு அறைச் சாக்குகளை நனைத்துக் கட்டினாள். அவன் புரியாமல் பார்த்தான்.

"இன்னா பாக்கற? மரத்த எடுத்தா."

"எங்க?"

"ரூமுக்கு. இனிமே ரெண்டு மாசத்துக்கு அதுல புழு வெக்க முடியாது. சும்மா கெடக்கற ரூமுதான."

"முனி, நான் வேணும்னு..."

"பேசாத. எடுத்தா."

அதற்குப் பிறகு மரங்கள் அவள் பாடு. புழுவுக்குச் செய்கிற மாதிரியே செய்தாள். வேறு மாதிரி அவளுக்குத் தெரியாது. தரையில் மணல் பரப்பி நனைத்தாள். உச்சி வேளையில் ஜன்னல் சாத்தி, சாயங்காலம் திறந்தாள். இளவெயிலுக்குக் காலையில் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைத்தாள். புழு போனதால் தாளிக்கத் தடையில்லை. ஆனாலும் அந்தக் கோடை முழுக்க அவள் தாளிக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

பத்து நாளில் புளியின் கணுக்களில் செம்பச்சையாகத் துளிர் எட்டிப் பார்த்தது. ஊசி இலை மரம் ஒன்று மட்டும் ஒரு பக்கம் பழுத்தது.

வைகாசி நடுவில் பாஸ்கரன் ஜீப்பில் வந்தார். தலை மொட்டை. அப்பா தவறிவிட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனவர், பதினொன்றையும் எண்ணினார். புளிக்கு முன்னால் உட்கார்ந்து துளிரை விரல் நுனியால் தொட்டார். எழுந்திருக்கும்போது கண் கலங்கியிருந்தது.

"எங்க ஊருல ரோட்டு மரமே கருகிப் போச்சுப்பா. இத எப்படிய்யா காப்பாத்துன?"

"நான் ஒண்ணியும் பண்ணல சார். எல்லாம் இவதான்."

பாஸ்கரன் அறையைச் சுற்றிப் பார்த்தார். காலித் தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. கூடு கட்ட வைக்கிற மூங்கில் சந்திரிகைகள் மூலையில் சாய்ந்திருந்தன.

"இது பட்டுப்பூச்சி வளக்குற எடமில்ல? இந்த வருசம் கூடு எடுத்தாச்சாம்மா?"

திம்மராயன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், அவர் கொடுத்த மருந்து என்று ஆகும். மேனேஜருக்கு மனசு சங்கடப்படும். சங்கடப்படுத்தியவன் பெயரை யாரும் லிஸ்டில் எழுத மாட்டார்கள். புழு போனது போனதுதான். அந்த வேலையாவது வரட்டும் என்று நினைத்தாள். புருஷன் மேல் இரக்கப்பட்டு அல்ல.

"இல்லீங்க. வெயிலுல செத்துப் போச்சுங்க."

"அடடா." பாஸ்கரன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "மரத்துக்குக் கட்டுன மாதிரி ஈரச்சாக்கு அதுக்கும் கட்டியிருக்கணும்மா. ஜன்னல்ல கட்டணும், அடிக்கடி நனைக்கணும். கீழ மணல் போட்டுக்கிரணும். புழுவுக்கும் சூடு ஆகாதுல்ல? நான் இவன்கிட்ட வெவரமாச் சொல்லிட்டுத்தான் போனேன். நீங்க யோசிக்காம விட்டுட்டீக."

"ஆமாங்க."

"அடுத்த வருசம் செஞ்சு பாருங்க."

"செய்யறங்க."

மரங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். கடைசியாக இருந்த சின்ன இச்சியை அவர் அவளிடம் நீட்டினார்.

"இத நீங்க வச்சுக்கிருங்க. பழகிட்டீகல்ல."

"வேணாங்க. எடுத்துகினு போங்க."

"ஏம்மா?"

"தண்ணி செலவுங்க."

அவர் சிரித்துவிட்டு ஏறினார். ஆனி மாதம் லிஸ்ட் வந்தது. திம்மராயன் பெயர் இருந்தது. கம்பெனி காக்கிச் சட்டை கொடுத்தது, கேன்டீன் டோக்கன் கொடுத்தது. அதே மாதம் மழையும் பிடித்தது. மல்பெரிக் கட்டைகள் ஒரே வாரத்தில் துளிர்த்தன. முனிலட்சுமி புழு அறையின் தரையைச் சாணளவு வெட்டி அள்ளிப் புறம்போக்கில் கொட்டினாள். புதுச் செம்மண் போட்டு மெழுகினாள். இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாள்.

"பட்டு ஆபீசுல மொட்ட எப்ப குடுக்கறாங்கன்னு கேட்டுகினு வா," என்றாள். மொட்டை என்றால் புழு முட்டை.

"எனக்கு இப்ப டூட்டி இருக்குதுமே. புழுக் குப்ப வாரி, எல வெட்டிப் போட்டுன்னு முன்ன மாதிரி முடியாது."

"உன்ன யாரு வாரச் சொன்னா? கேட்டுகினு வா, அது போதும். நீ இனிமே ரூமுக்குள்ள வர வேணாம்."

கோபத்தில் சொல்கிறாள், இந்த ஒரு தடவைக்கு இருக்கும் என்று அவன் நினைத்தான். பதினாறு வருஷம் இருந்தது. ஊரார் வந்து பார்த்தார்கள். பட்டு ஆபீஸ்காரர்கள் கால் நனைத்து உள்ளே போனார்கள். ஆஞ்சப்பனும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனான். திம்மராயன் மட்டும் வாசல் வரைக்கும்தான். யாரும் அவனைத் தடுத்து நிற்கவில்லை. அவள் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நாராயணம்மா ஒருமுறை, "போதும் வதினா, ஆளுக்கு வயசாச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். "ஆவட்டும்" என்றாள் முனிலட்சுமி.

ஷிப்ட் முடிந்து வந்து காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் தோட்டத்துக்குப் போய் இலை அறுத்துக் கட்டிக் கொண்டுவருவான். கட்டை வாசற்படியில் இறக்கிவிட்டு இரண்டடி தள்ளி நிற்பான். உள்ளேயிருந்து அவள் கை வந்து கட்டை இழுத்துக்கொள்ளும். இலை தூவுகிற ஓசை கேட்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு, தூரத்தில் தூறல் ஆரம்பிப்பதுபோல, புழுக்கள் தின்கிற சத்தம் எழும். மெல்ல மெல்ல அறை முழுக்க நிறைந்து சுவருக்கு இந்தப் பக்கமும் வரும். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

"எப்பிடிக் கீது?" என்பான்.

"தின்னுது."

அதற்கு மேல் அவனுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் நிற்பான்.

"இன்னும் நின்னுகினுதான் கீறியா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "போ. களி ஆறுது."